பழைய கேமரா லென்ஸைப் பிரிப்பது எப்படி: முதல்முறை முயல்பவர்களுக்கு

கழற்றும் முன் லென்ஸை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளை கிளையாகத் தெரிந்தால் பூஞ்சை. உள்ளே வரும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அப்பர்ச்சர் இதழ்கள் பளபளத்தால் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து அங்கே படிந்திருக்கிறது. ஃபோகஸ் வளையம் மக்கர் செய்தால் கிரீஸ் காய்ந்துவிட்டது. முதல் இரண்டுக்கும் பெரும்பாலும் கண்ணாடிகளை எடுத்தால் போதும். மூன்றாவதற்குத்தான் உடம்பையே பிரிக்க வேண்டும்.

கண்ணாடி மஞ்சளாக இருந்தால் அழுக்கு என்று தேய்க்காதீர்கள். சூப்பர் டகுமார் 50 மிமீ எஃப்/1.4 போன்ற சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, அது காலப்போக்கில் மஞ்சளாகும். புற ஊதா விளக்கின் கீழ் சில நாட்கள், வாரங்கள் வைத்தால் தெளியும்.

பழகுவதற்கு ஹீலியோஸ் 44-2 மாதிரி மின்னணு எதுவும் இல்லாத லென்ஸ் போதும். ஜூம் இப்போதைக்கு வேண்டாம்.

கருவிகள்: லென்ஸ் ஸ்பேனர், ரப்பர் அடைப்பான், லைட்டர் திரவம், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சிறிய ஸ்க்ரூ டிரைவர்கள். ஜப்பானிய லென்ஸ் என்றால் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர அளவு) முனை வாங்குங்கள். அந்தத் திருகுகள் பார்க்க பிலிப்ஸ் மாதிரியே இருக்கும். ஆனால் பிலிப்ஸ் முனை வழுக்கித் தலையை மழித்துவிடும்.

1. ஃபோகஸை இன்ஃபினிட்டியில் (மிகத் தொலைவைக் காட்டும் ∞ குறி) வைத்துப் படம் எடுங்கள். இனி ஒவ்வொரு பாகம் கழன்றதும் ஒரு படம்.

2. முன்னால் பெயர் பொறித்த வளையத்தில் பெரும்பாலும் பள்ளம் இருக்காது. ரப்பரை அதன்மேல் அழுத்தி இடப்பக்கம் திருப்புங்கள். வரவில்லையா? ஓரத்தில் ஒட்டியிருக்கும் அரக்கில் பல் குச்சியால் ஒரு பொட்டு அசிட்டோன் வைத்துக் காத்திருங்கள். பெயின்ட், பிளாஸ்டிக் மேல் பட்டால் அவையும் கரையும்.

3. அடுத்த வளையத்தில் எதிரெதிரே இரண்டு பள்ளங்கள் இருக்கும். ஸ்பேனர் முனைகளை அதில் பொருத்தி, செங்குத்தாக அழுத்தியபடி திருப்புங்கள். நழுவினால் கண்ணாடியில் கோடு விழும் என்பதால் நடுவில் ஒரு வட்டத் தாள் வையுங்கள்.

4. கண்ணாடியைத் துணிமேல் கவிழ்த்து எடுங்கள். உடனே அதன் விளிம்பில், எந்தப் பக்கம் முன்பக்கம் என்று பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். திருப்பி மாட்டினால் படம் மங்கும், காரணம் பிடிபடாது. இரண்டாக ஒட்டிய கண்ணாடியைப் பிரிக்க வேண்டாம்.

5. அப்பர்ச்சர் இதழ்களைக் கழற்றாதீர்கள். திரும்ப அடுக்குவது பெரிய பாடு. லைட்டர் திரவம் தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைத்து, திறந்து மூடி, மறுபடி துடையுங்கள். எண்ணெய் வராத வரைக்கும் இதே வேலைதான். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது. இதழ்களுக்கு எண்ணெயே போடக் கூடாது, அவை உலர்ந்துதான் ஓட வேண்டும்.

6. ஹெலிகாய்டு. ஃபோகஸை நகர்த்தும் இந்த மரைக்கு ஒரே ஒரு தொடக்கம் இல்லை. பல மரைகள் பக்கம் பக்கமாக ஓடும். அதனால் பல இடங்களில் நுழையும், ஆனால் சரியான இடம் ஒன்றுதான். என் முதல் லென்ஸில் குறி போடாமல் பிரித்துவிட்டேன். ஒவ்வொரு இடமாக மாட்டி, கழற்றி, தூரத்தைப் பார்த்து ஒரு சாயங்காலம் முழுக்கப் போயிற்று. மெதுவாகத் திருப்புங்கள். மரை விடுபடும் அந்த நொடியில் நிறுத்தி, இரு பாகங்களுக்கும் குறுக்கே ஊசியால் ஒரு கோடு கீறுங்கள். அப்புறம் பழைய கிரீஸை வழித்துக் கழுவி, ஹெலிகாய்டுக்கான கிரீஸை மெல்லிய பூச்சாகத் தடவுங்கள்.

7. அப்பர்ச்சர் வளையத்தைத் தூக்கும்போது லென்ஸையும் கையையும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ‘டிக்’ சத்தம் தரும் கடுகளவு எஃகுக் குண்டு துள்ளினால், தரையில் தேடிக் கிடைப்பது அபூர்வம்.

மாட்டுவது இதே வரிசை, தலைகீழாக. கடைசித் திருகை இறுக்கும் முன் கேமராவில் பொருத்தி, தொலைவில் இருக்கும் கட்டடம் ஏதாவது ஒன்று இன்ஃபினிட்டியில் தெளிவாக விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லை என்றால் 6-வது படிக்குத் திரும்ப வேண்டும்.