கண்ணுக்கு ஒன்று, ஸ்விட்சுக்கு இரண்டு

பினாங்கில் படிக்கும் என் அக்காள் மகள், பேருந்து நிறுத்தங்களுக்காக ஜாவாஸ்கிரிப்டில் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தாள். உள்ளே வரும் சொல்லைக் ‘கேஸ்’ வரிகளில் உள்ள பெயர்களோடு ஒப்பிட்டு, பொருந்துவதை ஓட்டும் ‘ஸ்விட்ச்’தான் அதன் உயிர். ‘பாயான் லெப்பாஸ்’ என்று தட்டினால் பதில் வந்தது. ‘கொம்தார்’ என்றால் மட்டும், எந்தக் கேஸும் பொருந்தாதபோது ஓடும் டிஃபால்ட் வரிக்குப் போய், ‘அப்படி ஓர் இடம் இல்லை’ என்றது. “ஜன்னலைத் திறந்தால் தெரிகிற கோபுரத்தையே இல்லை என்கிறதே, மாமா!” என்றாள்.

கேஸ் வரியில் பிழையில்லை, கேஸை முடித்துவைக்கும் பிரேக்கும் விடுபடவில்லை. இப்படி முட்டிக்கொள்ளும்போது ஸ்விட்சை நோண்டாதீர்கள். முதலில் உள்ளே வரும் சொல்லின் நீளத்தை அச்சிட்டுப் பாருங்கள். கேஸில் இருந்த கொம்தாருக்கு 8, அவள் தட்டியதற்கு 9.

அடுத்து, ஒவ்வோர் எழுத்தின் யூனிகோட் எண்ணையும், அதாவது கணினி அந்த எழுத்தை அடையாளம் காணும் எண்ணையும், அச்சிடுங்கள். கேஸில் ‘கொ’ என்பது 2965, 3018. அவளுடையதில் 2965, 3014, 3006. அதாவது ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக நுழைந்திருக்கின்றன. சில விசைப்பலகைகளில் இப்படி ஆகும். திரையில் இரண்டும் ஒரே ‘கொ’தான்; ஆனால் ஸ்விட்ச் இந்த எண்களைத்தான் ஒப்பிடும், எண்ணா எழுத்துச்சரமா என்ற வகையையும் சேர்த்து. படிவத்தில் தட்டிய 101 எழுத்துச்சரமாகவே வரும். எண்ணாக எழுதிய கேஸ் 101 அதைக் கண்டுகொள்ளாததும் இதனால்தான்.

இனி மருந்து. உள்ளே வரும் சொல்லுக்கு முதலில் டிரிம், பிறகு நார்மலைஸ். முன்னது ஓரத்து வெற்றிடங்களை நீக்கும். பின்னது 3014, 3006 இரண்டையும் 3018 ஆக ஒட்டிவிடும். இரண்டையும் ‘சீராக்கு’ என்று ஒரே செயற்கூறாக எழுதிக்கொள்ளுங்கள்.

பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. கேஸில் நீங்களே பிரித்துத் தட்டியிருந்தால்? ஒவ்வொரு கேஸையும் சீராக்குவது சலிப்பு. நானாக இருந்தால் ஸ்விட்சையே தூக்கிவிட்டு, பெயருக்கு எதிரே அதன் விடையைச் சேமித்து வைக்கும் ‘மேப்’ வைப்பேன். ஊர்ப்பெயரைச் சீராக்கி மேப்பில் இடுங்கள். தேடும்போதும் சீராக்கியே, மேப்பிலிருந்து விடையை எடுத்துத் தரும் ‘கெட்’ கொண்டு தேடுங்கள். விடை கிடைக்காவிட்டால் பழைய டிஃபால்ட் செய்தியைக் காட்டுங்கள். பட்டர்வொர்த்தைப் புதிதாகச் சேர்க்க ஒரே வரி போதும்; அதிலுள்ள ‘வொ’வும் இனி வம்பு செய்யாது.

எண்களில் 8204 தென்பட்டால் அது கண்ணுக்குத் தெரியாத குறி. டிரிம் அதைத் தொடாது. ரிப்ளேஸ் கொண்டு நீக்குங்கள்.

நார்மலைஸும் கைவிடும் இடம் ஒன்று உண்டு: ஔகாரம். ‘டௌன்’ என்பதில் 3020க்குப் பதில் ஒற்றைக்கொம்பையும் ளகர எழுத்தையும் (3014, 2995) தட்டுபவர்கள் இருக்கிறார்கள். யூனிகோட் கணக்கில் அவை வேறு வேறு சொற்கள், ஒட்டாது. ‘ஜார்ஜ்டௌன்’ என்பதை இரண்டு விதமாகவும் மேப்பில் எழுதி வைத்தேன்.