கான்சர்ட் டிக்கெட்டை எந்த சைட்ல வாங்குறது? மொதல் தடவை வாங்குறவங்களுக்கு

தியேட்டர் வாசல்ல காதுகிட்ட வந்து "பால்கனி இருக்கு, வேணுமா சார்"னு முணுமுணுக்குற ஆளை நமக்குப் பார்த்த ஒடனே தெரியும். அதே ஆள் நெட்ல பளபளன்னு ஒரு சைட் போட்டு, ஓரத்துல ஒரு டைமரையும் ஓடவிட்டு உக்காந்திருந்தா தெரியாது. எனக்கும் தெரியல. கூகுள்ல சிங்கர் பேரைப் போட்டு டிக்கெட்னு தேடி, மொதல்ல வந்த லிங்க்கை அமுக்கி, "இன்னும் 3 நிமிஷம்தான்"னு அது பயமுறுத்துனதுல அவசர அவசரமா கார்டைப் போட்டேன், அப்புறம் பார்த்தா டிக்கெட்ல அச்சடிச்சிருந்த வெலையே நான் குடுத்ததுல பாதிகூட இல்ல. அது பிளாக் டிக்கெட் கடைதான், பேர் மட்டும் ரீசேல். அதுக்கப்புறம் நான் பண்றதை வரிசையா சொல்றேன்.

ஸ்டெப் 1: கூகுள்ல ஆரம்பிக்காதீங்க

பாடுறவங்களோட சொந்த வெப்சைட்ல டூர் பக்கம் இருக்கும், ஊர் பேருக்குப் பக்கத்துலயே டிக்கெட் லிங்க் இருக்கும், அதை அமுக்குங்க. சொந்த சைட் இல்லாதவங்கன்னா வெரிஃபைட் இன்ஸ்டா பக்கம், அதுவும் இல்லன்னா ஷோ நடக்குற ஹாலோட சைட். இந்த ஒண்ணை ஒழுங்கா பண்ணாலே முக்கால்வாசி ஏமாத்து வேலைல இருந்து தப்பிச்சிடலாம்.

ஸ்டெப் 2: அந்த ஊர்ல யாரு விக்கிறாங்கன்னு தெரிஞ்சு வச்சுக்கோங்க

நம்ம ஊர்ல பெரிய ஷோன்னா பெரும்பாலும் புக் மை ஷோ, இல்லன்னா டிஸ்ட்ரிக்ட் (பேடிஎம் இன்சைடர்னு முன்னாடி இருந்துச்சே, அந்த டிக்கெட் பிசினஸை 2024ல ஜொமாட்டோ வாங்கிடுச்சு, டிஸ்ட்ரிக்ட் அவங்க ஆப்தான்). சிங்கப்பூர்னா சிஸ்டிக், டிக்கெட்மாஸ்டர். லண்டன்னா டிக்கெட்மாஸ்டர், ஏஎக்ஸ்எஸ், சீ டிக்கெட்ஸ். ஜெர்மனின்னா ஈவெண்டிம். சில சமயம் ஒரே ஷோவுக்கு ரெண்டு மூணு பேர் விப்பாங்க, ஆளுக்கு கொஞ்சம் சீட் பிரிச்சுக் குடுத்திருப்பாங்க, அதனால ஒருத்தர்கிட்ட தீர்ந்துச்சுன்னா இன்னொருத்தர்கிட்டயும் ஒரு எட்டு பாருங்க.

ஸ்டெப் 3: விக்கிறது கடைக்காரனா, புரோக்கரா?

இதுதான் மெயின் மேட்டர். 2024 செப்டம்பர் 22, மத்தியானம் 12 மணிக்கு கோல்ட்ப்ளே பேண்டோட மும்பை ஷோ டிக்கெட் ஓப்பன் ஆச்சே, ஞாபகம் இருக்கா? 2,500 ரூவால இருந்து ஆரம்பிச்ச டிக்கெட் கொஞ்ச நேரத்துலயே ரீசேல் சைட்ல லட்சக்கணக்குல தொங்குச்சு. எங்களுக்கும் வியாகோகோ மாதிரி சைட்டுக்கும் எந்த சம்பந்தமும் இல்லன்னு புக் மை ஷோவே சொல்ல வேண்டியதாயிடுச்சு, அடுத்த மாசம் அமலாக்கத்துறை ரெய்டு வரைக்கும் போச்சு. வியாகோகோ, ஸ்டப்ஹப் எல்லாம் யாரோ வாங்குனதை வேற யாரோ விக்கிற எடம். சைட்டுக்குள்ள ரீசேல், மார்க்கெட்ப்ளேஸ், செல்லர் லிஸ்டிங்னு எங்கயாவது எழுதியிருந்தா, வெலை வச்சது கான்சர்ட் நடத்துறவங்க இல்லன்னு அர்த்தம்.

ரீசேல் எல்லாமே மோசம்னு சொல்லிட முடியாது. லண்டன்ல டிக்கெட்மாஸ்டரே, போக முடியாதவங்க டிக்கெட்டை வாங்குன வெலைக்கு மேல போகாம வித்துக்க வழி வச்சிருக்கு, ட்விக்கெட்ஸ்ங்கிற சைட்டும் அப்படித்தான். ஜெர்மனில ஈவெண்டிமே நடத்துற ரீசேல் சைட் ஃபேன்சேல். அயர்லாந்துல 2021ல சட்டமே போட்டு, பெரிய ஷோ டிக்கெட்டை அச்சடிச்ச வெலைக்கு மேல விக்கிறதைத் தடுத்துட்டாங்க.

வாட்ஸ்அப்ல ஸ்கிரீன்ஷாட் அனுப்பி "டிக்கெட் இருக்கு ப்ரோ"ன்னு எவனாச்சும் வந்தா பிளாக் பண்ணிடுங்க. டிக்கெட்மாஸ்டர் நெறைய ஷோவுக்குக் குடுக்குற மொபைல் டிக்கெட்ல பார்கோடு சில செகண்டுக்கு ஒரு தடவை மாறிட்டே இருக்கும், ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுனா கேட்ல விடமாட்டாங்க.

ஸ்டெப் 4: டிக்கெட் ஓப்பன் ஆகுறதுக்கு முந்தின நாளே ரெடி பண்ணுங்க

அக்கவுண்ட் ஓப்பன் பண்ணி, ஈமெயில், போன் நம்பர் வெரிஃபை பண்ணிடுங்க. வெளிநாட்டு சைட்னா பேங்க் ஆப்ல இன்டர்நேஷனல் ஆன்லைன் பேமெண்ட்டை ஆன் பண்ணியே ஆகணும், புது கார்டுல அது பொதுவா ஆஃப்லதான் வரும். ஆன்லைன் க்யூல ஒரு மணி நேரம் நின்னு சீட்டும் செலக்ட் பண்ணிட்டு "டிரான்ஸாக்ஷன் டிக்ளைன்ட்"னு வந்தா அழுகைதான் வரும். ஃபாரெக்ஸ் மார்க்கப் (வெளிநாட்டு காசுக்கு மாத்துற சார்ஜ்), அதுக்கு மேல ஜிஎஸ்டின்னு பேங்க் தனியா புடிக்கும், சைட்டோட சர்வீஸ் ஃபீ வேற, அதனால கடைசி பக்கத்துல வர்ற தொகையை வச்சு கம்பேர் பண்ணுங்க, மொத பக்கத்துல இருக்கிறதை நம்பாதீங்க.

டிக்கெட் ஓப்பன் ஆகுற டைமும் கவனம். சிங்கப்பூர்ல காலைல 10 மணின்னா நமக்கு ஏழரை. லண்டன்ல 10 மணின்னா அங்க வெயில் காலத்துல நமக்கு மத்தியானம் ரெண்டரை, குளிர் காலத்துல மூன்றரை. க்யூக்குள்ள போனதும் ரிஃப்ரெஷ் பட்டன்ல கை வைக்காதீங்க, எடம் போயிடும்.

ஸ்டெப் 5: பணத்தைக் கட்டுறதுக்கு முன்னாடி ரீஃபண்ட் ரூல்ஸ்

போரடிக்கும், இருந்தாலும் படிங்க. 2024 ஆகஸ்ட்ல வியன்னால டெய்லர் ஸ்விஃப்ட்டோட மூணு ஷோவும் தீவிரவாத மிரட்டல்னு கேன்சல் ஆச்சு. டிக்கெட் காசைத் திருப்பித் தர்றதா ஒடனே சொல்லிட்டாங்க, ஆனா ஃப்ளைட்டு, ஹோட்டலு செலவை டிக்கெட் வித்தவங்க பொதுவா தரமாட்டாங்க. அதனால வெளியூர் ஷோன்னா நான் கேன்சல் பண்ற மாதிரி ரூம்தான் போடுவேன், நூறு இருநூறு கூட ஆனாலும் பரவால்ல.

கன்ஃபர்மேஷன் மெயிலை டெலீட் பண்ணாதீங்க. 2023 செப்டம்பர்ல பனையூர்ல நடந்த ஏ.ஆர்.ரஹ்மான் ஷோல ஒரிஜினல் டிக்கெட் வச்சிருந்தவங்களே கூட்டத்துல உள்ள போக முடியாம திரும்புனாங்க, உள்ள போக முடியாதவங்க டிக்கெட் காப்பியை அனுப்புங்கன்னு அவரே ட்வீட் போட்டாரு. காப்பி இல்லாதவங்க என்னத்தை அனுப்புவாங்க?

போலி சைட்ல பணம் போயிடுச்சா, ஒடனே சைபர் கிரைம் ஹெல்ப்லைன் 1930க்கு போன் போடுங்க, கையோட பேங்க்குக்கும் சொல்லி கார்டை பிளாக் பண்ணிட்டு, அந்த பேமெண்ட் மேல டிஸ்ப்யூட் (பணத்தைத் திருப்பிக் கேக்குற புகார்) போடுங்க. சைட் உண்மையானது, ரீஃபண்ட் மட்டும் இழுத்தடிக்குதுன்னா 1915, அது நுகர்வோர் ஹெல்ப்லைன்.