நியூசிலாந்து போற நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு: டவுபோவுக்கு லைசென்ஸ் தனி

லீவுக்கு அம்பாசமுத்திரம் வந்து இறங்கினதுல இருந்து, ஆக்லாந்துக்குக் கிளம்பப் போற பையன்க ஒவ்வொருத்தரா வீட்டுக்கு வாராங்க. விசா, வாடகை வீடு, பேங்க் அக்கவுண்ட் எல்லாம் நெட்டுலயே இருக்கு, பார்த்துக்கிடுங்க. ஐ.ஆர்.டி. நம்பர்ங்கற வரி எண்ணுக்கு மட்டும் போன உடனே எழுதிப் போட்டுருங்க, இல்லேன்னா சம்பளத்துல வரியை ஏகத்துக்குப் பிடிச்சிருவான். இதெல்லாம் பேசி முடிச்சு செருப்பு மாட்டுற நேரத்துல எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான்: "அண்ணாச்சி, அங்க தூண்டில் போட எடம் உண்டா?"

உண்டு. அங்க பிடிக்கற ட்ரவுட் நமக்கு ஒண்ணும் அந்நிய மீன் இல்ல. ஊட்டிக்கு அந்தப் பக்கம் அவலாஞ்சியில வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட மீன்தான். நியூசிலாந்துக்கும் அது வந்தேறிதான், 1867-ல டாஸ்மேனியாவுல இருந்து முட்டையா வந்துச்சு. ஆனா கடையில கேட்டுராதீங்க. அங்க ட்ரவுட்டை விக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. தின்னணும்னா நீங்க பிடிக்கணும், இல்ல பிடிச்சவன் சும்மா தரணும்.

மீன் பிடிக்க லைசென்ஸ் வேணும். அதைக் குடுக்கற ஃபிஷ் அண்ட் கேம்ங்கற அமைப்போட தளத்துல அஞ்சு நிமிஷத்துல வாங்கிரலாம். ஒரு நாளைக்கு, சீசனுக்கு, குடும்பத்துக்குன்னு வகை வகையா இருக்கு. பெரும்பாலான ஆறுகள்ல அக்டோபர் 1-ல சீசன் திறக்கும். "மக்கா, ஒரு நிமிஷம் இதைப் பிடிச்சுக்கோ"ன்னு லைசென்ஸ் இல்லாதவன் கையில தூண்டிலைக் குடுக்காதீங்க, லைசென்ஸ் பார்க்க வர்ற ரேஞ்சர் கண்ணுக்கு அவனும் மீன் பிடிக்கறவன்தான்.

இப்ப விஷயத்துக்கு வாரேன். வீரவநல்லூர்க்காரன் ஒருத்தன், எனக்கு மச்சான் முறை. நீண்ட வீக்கெண்டுக்கு ஆக்லாந்துல இருந்து கார்ல கிளம்பினான். முதல்ல ரொட்டோருவா. அங்க ஏரிக்கரையில ரேஞ்சர் வந்து, போன்ல இருந்த லைசென்ஸைப் பார்த்துட்டு, கை குடுத்துட்டுப் போனார். அதுல வந்த தெம்புதான் வினை. மறுநாள் டவுபோ ஏரிப் பக்கம், எண்பது கிலோமீட்டர், ஒரு மணி நேர ஓட்டம். டவுபோவுல ஒரு கடையில ஃப்ளை வாங்கினான். இறகையும் நூலையும் முள்ளுல சுத்திக் கட்டின பொய்ப்பூச்சி அது. டவுபோ ஏரியில விழுற டோங்காரிரோ ஆத்துல ஃப்ளை மட்டும்தான், நம்ம மண்புழு, மாவுருண்டை கதையெல்லாம் நடக்காது. எந்த ஆத்துக்குப் போறீங்கன்னு கேட்டு அதுக்கேத்த நிறம் பார்த்து எடுத்துக் குடுத்த கடைக்காரன், லைசென்ஸ் எதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. எனக்கு இன்னிக்கும் அந்த ஆள் மேலதான் ஆத்திரம்.

அந்த ஆத்துல, டுராங்கி பாலத்துக்குக் கீழ முட்டளவுத் தண்ணியில நிக்கறான், கரையில இருந்து ஆபீசர் கூப்பிடுதார். போனை நீட்டினான். "இது இங்க செல்லாது." நேத்து ஒருத்தர் பார்த்துச் சரின்னாரேன்னு இவன் சொல்லச் சொல்ல, அவர் பேரை எழுதிக்கிட்டு, ராடு, ரீல், ஃப்ளை டப்பா மொத்தத்தையும் எடுத்துக்கிட்டார். ராடு வீட்டு ஓனரோடது வேற. வேலை விசாவுல இருக்கறவன் பேர்ல தண்டனைன்னு ஒண்ணு ஏறினா, அங்கேயே தங்கற ரெசிடென்ஸ் விசாவுக்கு எழுதும்போது அதையும் சொல்லியாகணும். கடைசியில எச்சரிக்கைக் கடுதாசியோட விட்டாங்க. அது வாரவரைக்கும் பயலுக்குச் சோறு இறங்கல.

டவுபோ ஏரியும் அதுல வந்து விழுற ஆறுகளும் ஃபிஷ் அண்ட் கேம் கணக்குல வராது. இயற்கைப் பாதுகாப்புத் துறை, டாக்னு சொல்லுவாங்க, அது தனியா லைசென்ஸ் விக்குது. ஒரு நாளைக்கும் கிடைக்கும். காரணம் பழசு. ஏரி, ங்காத்தி தூஃபரெதோவான்னு ஒரு மாவோரி இனத்தாரோடது. 1926-ல அரசாங்கம் அவங்களோட ஒப்பந்தம் போட்டு மீன் உரிமையை எடுத்துச்சு. லைசென்ஸ் காசுல ஒரு பங்கு அவங்களுக்குப் போகணும்னு பேச்சு. 1992-ல ஏரிப் படுகையையும் அவங்க பேருக்கே திருப்பிக் குடுத்தாச்சு. மானூர் குளத்துல மீன்பாசி ஏலம் எடுத்தவன் கங்கைகொண்டான் குளத்துல வலை வீசினா சும்மா விடுவாங்களா? அதேதான். இதை நான் சொன்னதும் மச்சான் அடங்கிட்டான். ஊர்க்காரனுக்குப் பங்கு போகுதுன்னா அவனுக்கும் நியாயமாத்தான் பட்டுச்சு.

இங்க இருந்து பழைய தூண்டிலைப் பெட்டியில போட்டுக் கொண்டு போனா, ஏர்போர்ட்ல எழுதிக் குடுங்க. கருவாட்டையும்தான். மறைச்சா அந்த இடத்துலயே 400 டாலர் அபராதம். அடியில ஃபெல்ட்டுங்கற கம்பளித்துணி ஒட்டின பூட்ஸ் ஆத்துல இறங்கவே தடை. காரணம், தெற்குத் தீவுல 2004-ல டிடிமோன்னு ஒரு பாசி கிளம்பி ஆறு ஆறாப் பிடிச்சிருச்சு. ஒரு ஆத்துல நனைஞ்ச சாமானைக் கழுவி, நல்லாக் காய்ஞ்ச பிறகும் 48 மணி நேரம் விட்டுத்தான் அடுத்த ஆத்துல இறக்கணும்.

மீன் மாட்டுச்சுன்னா புளிக்குழம்புல போடாதீங்க, சதை மெதுவு, கரண்டி பட்டதும் உதிர்ந்திரும். விராலுக்குப் பண்ற மாதிரி சாம்பல் போட்டு உரசவும் வேண்டாம். செதில் பொடிசு, கத்தி முதுகால சுரண்டினாப் போதும். மிளகும் சீரகமும் அரைச்சுத் தடவி, தோல் பக்கத்தை முதல்ல தோசைக்கல்லுல வைங்க. நல்லெண்ணெய் மட்டும் இங்க இருந்தே கொண்டு போங்க, அங்க கிடைக்கறது வேற வாசம்.