ஆத்தங்குடிக் கல் பதிக்கப் போகிறவர்களுக்கு

செட்டிநாட்டு ஆத்தங்குடியில் கையால் செய்யும் சிமெண்ட் தரைக்கல்தான் ஆத்தங்குடிக் கல். இதைச் சூளையில் சுடுவதில்லை. இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து, அதன்மேல் பூ அச்சை நிறுத்தி, ஆக்சைடு நிறப்பொடி கலந்த சிமெண்ட் குழம்பை அறையறையாக ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கியதும் உலர்ந்த சிமெண்ட்டும் மணலும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை நிரப்பி மட்டம் செய்வார்கள். பிறகு தண்ணீர்த் தொட்டி. காய்ந்ததும் கண்ணாடி கழன்றுவிடும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி விட்டுப்போனதுதான். மேல்பூச்சு ஏதும் கிடையாது.

100 சதுர அடிக்கு 10 அங்குலக் கல் 144 வேண்டும், 8 அங்குலம் என்றால் 225. உடைசலுக்கும் வெட்டுக்கும் 10 சதவீதம் கூட்டி ஒரே தடவையில் வாங்குங்கள். கைவேலை என்பதால் அடுத்த ஈட்டில் அதே சிவப்பு வராது. வண்டியில் முகத்தோடு முகம் சேர்த்து, நிறுத்தி அடுக்கச் சொல்லுங்கள்.

தச்சுவேலை, பெயிண்ட், வயரிங் முடிந்த பிறகே கல். சொட்டிய பெயிண்டைக் கல் குடித்துவிடும். பென்சில் கோடுகூட முகத்தில் போடக் கூடாது.

நூல் கட்டி, பூ கூடத்தின் நடுவில் விழுகிறதா என்று முதலில் கலவையில்லாமல் பரப்பிப் பாருங்கள். பிறகு 1:6 சிமெண்ட்-மணல் கலவை, ஒன்றரை அங்குல கனம். கல்லின் முதுகை நனைத்து, சிமெண்ட் பால் தடவி வைத்து, மரச்சுத்தியால் தட்டி ரசமட்டம் பாருங்கள். முதுகை நனைக்காவிட்டால் கலவையின் தண்ணீரைக் கல் இழுத்துக்கொள்ளும். பிடிப்பு விட்டு, நடக்கும்போது டொக்கு டொக்கென்று கேட்கும். இரும்புச் சுத்தி மூலையைப் பெயர்க்கும்.

சிந்திய சிமெண்ட் பாலை அப்போதே துடைக்க வேண்டும். பெரும்பாலான தரைகள் கெடுவது இந்த இடத்தில்தான். காயவிட்டுவிட்டு, கறை எடுக்கிறேன் என்று ஆசிட் பாட்டிலோடு ஒருவர் வருவார். வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆசிட் கறையோடு கல்லின் சிமெண்டையும் தின்னும். முகம் சொரசொரத்துப் போனால் மீட்க வழியில்லை. பாலிஷ் மெஷினும் அதே கதைதான், கண்ணாடி முகத்தை அரைத்து எடுத்துவிடும்.

முதல் சில மாதம் வெள்ளையாக உப்புப் பூத்தால் பதற வேண்டாம். கலவையின் ஈரம் மேலேறி ஆவியாகும்போது விட்டுப்போகும் உப்பு அது. ஈரத்துணியால் துடைத்து உலரவிடுங்கள். உப்பு நிற்கும்வரை பிளாஸ்டிக் பாய் விரிக்காதீர்கள். வருடம் கடந்தும் பூத்தால் குற்றம் கல்லில் இல்லை, அடியில் எங்கோ நீர் கசிகிறது.

செட்டிநாட்டின் பழைய வீடுகளில் உமி போட்டுத் தேய்த்து மெருகேற்றினார்கள். இப்போது துடைக்கும் வாளித் தண்ணீரில் சில சொட்டுத் தேங்காயெண்ணெய் போதும். கூடினால் வழுக்கும், தூசி ஒட்டிக் கறுக்கும். புளித்தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் ஆசிட்டின் தம்பிகள். சிந்தினால் உடனே துடைக்க வேண்டும். அதனால் கூடத்துக்கும் தாழ்வாரத்துக்கும் இந்தக் கல்லைப் போட்டுவிட்டு, அடுப்படி மேடைக்குக் கிரானைட்டே போடுங்கள்.