பாயின்ட் இருக்கு, சீட் இல்லையா? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ரிவார்டு டிக்கெட் எடுக்கும் வழி

கார்டு தேய்த்துச் சேர்த்த பாயின்ட் கணக்கில் பத்திரமாக இருக்கும். நாலு பேர், சென்னையிலிருந்து பாரிஸ், மே மாதம் போய் ஜூனில் திரும்ப என்று ஒரே தேடலாகப் போட்டால் "இடம் இல்லை" என்று வரும். அதே விமானத்தில் காசு கொடுத்தால் டிக்கெட் தாராளமாகக் கிடைக்கும்.

காலி சீட் எல்லாம் ரிவார்டு சீட் (பாயின்டுக்குத் தரும் சீட்) ஆகாது, அதுதான் காரணம். ஒவ்வொரு விமானத்திலும் எந்த சீட் காசுக்கு விற்காது என்று கம்பெனியின் கணினி கணக்குப் போட்டு, அதில் கொஞ்சத்தை மட்டும் பாயின்டுக்கு ஒதுக்குகிறது. ஸ்டார் அலையன்ஸ் என்ற விமானக் கம்பெனிக் கூட்டணியின் கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் தரும் சீட்டுக்குத் தனி எழுத்தே உண்டு: எகானமிக்கு எக்ஸ், பிசினஸுக்கு ஐ. அந்த ஒதுக்கீட்டுப் பெட்டியில் இரண்டு சீட் இருந்து நீங்கள் நாலு கேட்டால், விடை பூஜ்யம்தான். இரண்டு இருக்கிறது என்றுகூடச் சொல்லாது.

கணக்கு தொடங்குவது, ஆப் இறக்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். நேராக வேலைக்குப் போவோம்.

படி 1: முதலில் பெயர்

சீட் தேடும் முன் இதை முடியுங்கள். நம் ஊர் ஆட்களுக்குப் பாதிச் சிக்கல் இங்கேதான்.

ஏர்லைன் கணக்கில் "கே. முருகன்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இயற்பெயர் முருகன், குடும்பப் பெயர் இடத்தில் அப்பா பெயர் கலியபெருமாள் முழுதாக இருக்கும். கிரெடிட் கார்டில் "முருகன் கே". மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. பெரும்பாலான வங்கிகள் கார்டு வைத்திருப்பவரின் சொந்த ஏர்லைன் கணக்குக்கு மட்டுமே பாயின்ட் மாற்றும். பெயர் பொருந்தாவிட்டால் அது திரும்பி வரும், இல்லை நடுவில் தொங்கும். அதற்குள் சீட் போய்விடும்.

எந்தப் பெயரை எப்படி எழுதுவது என்ற குழப்பமே வேண்டாம். பாஸ்போர்ட்டின் போட்டோ பக்கத்தில் அடியில் இரண்டு வரி எழுத்துக்கூட்டம் இருக்கும். மேல் வரியில் நாட்டின் மூன்றெழுத்துக்கு அடுத்து வருவது குடும்பப் பெயர். << என்ற இரட்டைக் குறிக்குப் பின் வருவது இயற்பெயர். அதை எழுத்துக்கு எழுத்து ஏர்லைன் கணக்கில் போடுங்கள். கணக்கில் இனிஷியல் மட்டும் இருந்தால் பாஸ்போர்ட் நகல் அனுப்பித் திருத்தச் சொல்லுங்கள். சில நாள் பிடிக்கலாம், அதனால்தான் இது முதல் படி.

பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. கல்யாணமான பெண்களின் பாஸ்போர்ட்டில் கணவர் பெயர் தனியாகக் காட்டப்பட்டிருக்கும், ஆனால் அந்த அடி வரியில் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர்தான் இருக்கும். டிக்கெட் அந்த வரிப்படியே போகட்டும்.

ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட் என்றால் கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் மாறும். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள், வேறு சிலர் இயற்பெயர் கட்டத்தில் "எஃப்என்யு" (FNU, முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) போடச் சொல்வார்கள். அந்தந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தைப் பாருங்கள். துபாய் விசிட் விசாவில் போகிறவர்கள் கூடுதல் கவனம்: 2022 நவம்பர் முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டை அந்த விசாவுக்கு ஏற்பதில்லை.

படி 2: பாயின்ட் போடுவது லாபமா?

ஒரே ஒரு கணக்கு. காசு டிக்கெட் விலையிலிருந்து ரிவார்டு டிக்கெட்டுக்குக் கட்டும் வரியைக் கழித்து, வருவதை மைல் (ஏர்லைன் கணக்கில் சேரும் பாயின்டுக்கு அதுதான் பெயர்) எண்ணிக்கையால் வகுக்கவும்.

உதாரணத்துக்குக் காசு டிக்கெட் ரூ.48,000. ரிவார்டு டிக்கெட் 35,000 மைல், வரி ரூ.14,000. மிச்சம் ரூ.34,000, ஒரு மைல் சுமார் 97 பைசா. நல்ல விலைதானே என்று நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கார்டு 2 பாயின்டுக்கு 1 மைல் தருகிறது என்றால் 70,000 பாயின்ட் போகிறது. அந்த பாயின்டை வங்கி 50 பைசாவுக்குக் காசாகவே கொடுக்கும் என்றால் அது ரூ.35,000. ஆக, ஆயிரம் ரூபாய் நஷ்டத்தில் "இலவச" டிக்கெட் எடுக்கிறீர்கள்! போதாக்குறைக்கு, ரிவார்டு டிக்கெட்டில் பறந்தால் புது மைல் சேராது.

வரி என்று காட்டுவதில் கம்பெனி தானே வைத்துக்கொள்ளும் எரிபொருள் சர்சார்ஜும் கலந்திருக்கும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் சொந்த விமான ரிவார்டு டிக்கெட்டில் இதை 2017இல் எடுத்துவிட்டது. ஐரோப்பியக் கம்பெனிகளில் பல இன்னும் தாராளமாகப் போடுகின்றன. அதனால் கடலூர்ப் பக்கத்திலிருந்து சிங்கப்பூர் போய்வருகிறவர்களுக்கு என் ஓட்டு சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃப்ளையருக்கே. பாரிஸ் என்றால் ஏர் பிரான்ஸின் மைல் திட்டமான ஃப்ளையிங் புளூ. அதில் மைல் விலை தேதிக்குத் தேதி மாறும், மாதாமாதம் தள்ளுபடித் தடங்களும் வரும். அவசரம் இல்லாதவர்கள் அதற்குக் காத்திருக்கலாம்.

படி 3: தேடும் விதம்

இங்கே பொறுமை வேண்டும்.

முதலில் ஒரு ஆள், ஒரு வழி மட்டும் போடுங்கள். சீட் காட்டினால் 2, பிறகு 3 என்று ஏற்றுங்கள். எந்த எண்ணில் மறைகிறதோ அதற்கு முந்தைய எண்தான் ஒதுக்கீட்டுப் பெட்டியில் உள்ளது. நாலு பேரில் இரண்டு பேருக்குப் பாயின்ட், மற்ற இரண்டு பேருக்குக் காசு என்று அதே விமானத்தில் பிரித்து எடுக்கலாம். குழந்தை தனி புக்கிங்கில் தனியாக மாட்டாதபடி பெரியவர் ஒருவருடன் சேர்த்துப் பிரியுங்கள்.

போவதையும் வருவதையும் தனித்தனியாகத் தேடுங்கள். பெரும்பாலான திட்டங்களில் ஒரு வழிக்குப் போய்வரும் விலையில் பாதிதான். கூட்டம் எப்போதும் ஒரு பக்கமே ஓடும் என்பதையும் பயன்படுத்திக்கொள்ளலாம். தீபாவளிக்கு முந்தின வாரம் சிங்கப்பூரிலிருந்து சென்னைக்கு வரும் விமானம் நிரம்பி வழியும், அதே நாளில் சென்னையிலிருந்து போகிறது காற்று வாங்கும். பிரான்சில் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். ஜூலை தொடக்கத்தில் அங்கிருந்து புதுச்சேரிக் குடும்பங்கள் இந்தப் பக்கம் வருவார்கள், ஆகஸ்ட் கடைசியில் திரும்புவார்கள். நீங்கள் எதிர்த் திசையில் போகிறவர் என்றால் ஜூலை முதல் வாரம் உங்களுக்குச் சாதகம்.

எப்போது தேடுவது? சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 355 நாள் முன்பே திறக்கும். அப்போது ஒரு பார்வை. அதை விட்டால் கடைசி இரண்டு மூன்று வாரம், விற்காததை அவிழ்த்துவிடும் நேரம். நடுவில் உள்ள மாதங்கள் வறட்சி. பொங்கலுக்கும் மே விடுமுறைக்கும் கடைசி வாரத்தை நம்ப வேண்டாம்.

கிரிஸ்ஃப்ளையரில் சேவர், அட்வான்டேஜ் என்று விலைப் படிகள் உண்டு. சேவர் மலிவு, அதற்கு வெயிட்லிஸ்டும் வைக்கலாம். வெயிட்லிஸ்ட் டிக்கெட் ஆகாது. அதை நம்பி லீவு போடாதீர்கள்.

கூட்டாளி விமானங்களைத் தேட எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் யுனைடெட் ஏர்லைன்ஸ் தளம். இலவசக் கணக்கு போதும், ஏர் இந்தியா உட்பட ஸ்டார் அலையன்ஸ் சீட்டுகளை மாதக் காலண்டராகக் காட்டும். அங்கே தேதியைப் பிடித்து, உங்கள் மைல் உள்ள தளத்தில் உறுதி செய்யுங்கள். இரண்டிலும் தெரிந்தால்தான் நிஜ சீட். ஒன்றில் மட்டும் தெரிவது பல நேரம் பேய் சீட்: கண்ணுக்குத் தெரியும், பணம் கட்டும்போது பிழை வரும். ஒரு விதிவிலக்கு: சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தூர பிசினஸ் சீட்டுகளைக் கூட்டாளித் தளங்களில் பெரும்பாலும் பார்க்க முடியாது, கிரிஸ்ஃப்ளையரில்தான் தேட வேண்டும். காசு வாங்கும் தேடல் கருவிகள் ஆண்டுக்கு ஒரு பயணம் போகிறவருக்குத் தண்டச் செலவு.

படி 4: சீட்டைக் கண்ட பிறகே பாயின்டை மாற்று

வங்கியிலிருந்து ஏர்லைன் கணக்கில் போய்ச் சேர்ந்த பாயின்ட் திரும்பி வராது. "இப்போது மாற்றி வைப்போம், பிறகு தேடலாம்" என்பதுதான் பாயின்ட் முடங்க முதல் காரணம். கிரிஸ்ஃப்ளையர் மைல் மூன்று ஆண்டில் காலாவதி. எமிரேட்ஸ் ஸ்கைவார்ட்ஸும் மூன்று ஆண்டுதான், உங்கள் பிறந்த மாதக் கடைசியில் போகும். வங்கியில் கிடக்கும்வரை எந்தக் கம்பெனிக்கு என்ற தெரிவாவது கையில் இருக்கும்.

மாற்றம் சில வங்கிகளில் நிமிடங்களில் முடியும், சிலவற்றில் நாள்கணக்கு. பெரிய தொகையை அனுப்பும் முன் குறைந்தபட்ச அளவை ஒரு முறை அனுப்பிப் பாருங்கள். பெயர்ச் சிக்கல் இருந்தால் அதிலேயே தெரிந்துவிடும்.

அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுக்க, கிரிஸ்ஃப்ளையரில் அவர்களை நாமினியாக (உங்கள் மைலில் டிக்கெட் எடுக்கக்கூடியவர்களாக) முன்பே சேர்க்க வேண்டும். அதிகபட்சம் 5 பேர். அங்கேயும் பாஸ்போர்ட் அடி வரிப் பெயர்தான்.

படி 5: பணம், டிக்கெட் எண்

வரி கட்டும் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை திறந்திருக்கிறதா? 2020 அக்டோபர் முதல் கொடுத்த கார்டுகளில் ரிசர்வ் வங்கி விதிப்படி அது மூடியே வரும். விலை ரூபாயில் தெரிந்தாலும் வெளிநாட்டுக் கட்டணமாகப் பதிவாகலாம். ஆப்பில் முன்பே திறந்து வையுங்கள்.

பிஎன்ஆர் வந்ததும் ஓய்ந்துவிடாதீர்கள். 13 இலக்க டிக்கெட் எண் மின்னஞ்சலில் வர வேண்டும். முதல் மூன்று இலக்கம் டிக்கெட் கொடுத்த கம்பெனி: சிங்கப்பூர் 618, ஏர் இந்தியா 098, ஏர் பிரான்ஸ் 057. கிரிஸ்ஃப்ளையர் மைலில் ஏர் இந்தியா சீட் எடுத்தால் எண் 618 என்றுதான் தொடங்கும், பயப்பட வேண்டாம். ஆனால் ஏர் இந்தியாவின் பிஎன்ஆர் வேறாக இருக்கும். அதைக் கேட்டு வாங்கி, ஏர் இந்தியா தளத்தில் போட்டு, பெயரும் தேதியும் தெரிகிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை, கேள்விகளுக்குப் பிறகு

புதுச்சேரி விமான நிலையம் உள்ள லாஸ்பேட்டையிலிருந்தே கிளம்பலாமா என்று கேட்டவர்களுக்கு: 2024 டிசம்பர் முதல் இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் பறக்கிறது. தனி டிக்கெட்டாக எடுத்தால் பெங்களூரில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்த கம்பெனி பொறுப்பேற்காது. ரிவார்டு டிக்கெட் விஷயத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் மறுநாள் அதே விலையில் ரிவார்டு சீட் இருக்காது. சென்னைக்கு ரோடு வழியே போவதுதான் என் விருப்பம். கடலூரிலிருந்து வரும் பல பஸ்களில் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தோடு இறக்கிவிடுவார்கள் என்பதையும், அங்கிருந்து ஏர்போர்ட்டுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலையும் சேர்த்து நேரம் போடுங்கள்.

திருச்சியையும் தேடலில் சேருங்கள். சிங்கப்பூருக்கு அங்கிருந்து ஸ்கூட் (சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மலிவு விமானக் கம்பெனி) போகிறது, அதற்கும் கிரிஸ்ஃப்ளையர் மைலைப் பயன்படுத்தலாம். ஆனால் படி 2 கணக்கைப் போட்டால் பெரும்பாலும் ஸ்கூட்டுக்குக் காசே மலிவு.