ஃபயர்வால் டிக்கெட் திரும்பி வராமல் இருக்க

அப்ளிகேஷன் சர்வரிலிருந்து டேட்டாபேஸுக்கு ஒரே ஒரு போர்ட், அதாவது நெட்வொர்க் இணைப்புக்கான எண்ணிட்ட வாசல், திறக்க வேண்டும். எதை உள்ளே விடலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் அந்த விதியைச் சேர்க்க ஐந்து நிமிடம் போதும். அதற்கான கோரிக்கை டிக்கெட்டோ வாரக்கணக்கில் சுற்றும். ஒப்புதல் தருபவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை. நாளை ஆடிட்டர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கார்டு பரிவர்த்தனை நடக்கும் நெட்வொர்க்குகளில் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது ஃபயர்வால் விதிகளை மறுஆய்வு செய்ய வேண்டும் என்று கார்டு தரவுப் பாதுகாப்புக்கான பிசிஐ தரநிலை சொல்கிறது. அதனால் டிக்கெட்டில் இல்லாததை அவர் ஊகிக்க மாட்டார். கேள்வி கேட்டுத் திருப்புவார். பெரும்பாலான டிக்கெட் மென்பொருள்களில், பந்து உங்கள் பக்கம் வந்ததும் எஸ்எல்ஏ கணக்கு, அதாவது இத்தனை நேரத்தில் முடிப்போம் என்ற கெடுவின் கடிகாரம், நின்றுவிடும்.

டிக்கெட் போடும் முன் சிக்கல் ஃபயர்வாலில்தானா என்று பாருங்கள். உங்கள் லேப்டாப்பிலிருந்து அல்ல, அப்ளிகேஷன் ஓடும் சர்வரிலிருந்தே டெல்நெட் அல்லது நெட்கேட் என்ற கட்டளைக் கருவி கொண்டு போர்ட்டைச் சோதியுங்கள். 'டைம்டு அவுட்' என்றால் வழியில் யாரோ பாக்கெட்டை (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டை) விழுங்குகிறார்கள். ஃபயர்வால் மேல் சந்தேகப்படலாம். 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு' என்றால் பாக்கெட் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டது, ஆனால் அந்தப் போர்ட்டில் காதுகொடுக்க எந்த மென்பொருளும் இல்லை. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நிறுவியதும் லோக்கல்ஹோஸ்டில், அதாவது அதே இயந்திரத்துக்குள் மட்டுமே, காதுகொடுக்கும் என்பதால் இது அடிக்கடி நடக்கும். அதற்கு ஃபயர்வால் டிக்கெட் போட்டால் எத்தனை ஒப்புதல் வாங்கியும் பலன் கிடையாது.

இனி டிக்கெட். சோர்ஸ் ஐபி, டெஸ்டினேஷன் ஐபி, டிசிபியா யுடிபியா, டெஸ்டினேஷன் போர்ட் என்று வரிசையாக எழுதுங்கள். உதாரணம்: 10.20.30.15-லிருந்து 10.40.8.22-க்கு, டிசிபி 5432 (போஸ்ட்கிரெஸின் வழக்கமான போர்ட்). இரண்டு சர்வர் என்றால் இரண்டு ஐபியையும் எழுதுங்கள், சோம்பலில் 10.20.30.0/24 என்று போட்டால் 256 முகவரிகளுக்கு வழி கேட்கிறீர்கள், செக்யூரிட்டி டீம் அங்கேயே நிறுத்திவிடும். சோர்ஸ் போர்ட்டிலும் 5432 என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. கிளையன்ட் பக்கப் போர்ட் ஒவ்வொரு இணைப்புக்கும் மாறும், லினக்ஸில் வழக்கமாக 32768 முதல் 60999 வரை. அதை 'எனி' என்றே விடுங்கள். பதில் பாக்கெட்டுக்குத் தனி விதியும் தேவையில்லை. இணைப்பைத் தொடங்குவது யார் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னால் தொடங்கிய இணைப்பை நினைவில் வைக்கும் ஸ்டேட்ஃபுல் ஃபயர்வால் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

காரணம் என்ற கட்டத்தில் 'பிராஜெக்ட் தேவை' என்று எழுதாதீர்கள். எந்தச் சேவை, எந்தத் தரவு, அதில் வாடிக்கையாளர் விவரம் உண்டா, இணைப்பு டிஎல்எஸ் குறியாக்கம் வழியாகப் போகிறதா, எதுவரை தேவை: இந்த ஐந்துக்கும் தலா ஒரு வரி.

புரொடக்‌ஷன் என்றால் சேஞ்ச் ரிக்வெஸ்ட்டும் வேண்டும். உங்கள் அலுவலகத்தில் போர்ட் திறப்பது 'ஸ்டாண்டர்டு சேஞ்ச்' (முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற மாற்றங்கள்) பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். இருந்தால் மாற்றங்களை ஆராய்ந்து ஒப்புதல் தரும் குழுவான கேப்பின் மீட்டிங்குக்கே போக வேண்டாம். இல்லையென்றால் 'நார்மல்'. கேப் எந்தக் கிழமை, பட்டியல் எப்போது மூடுகிறது, மாற்றங்களுக்குத் தடை விதிக்கும் ஆண்டு இறுதி ஃப்ரீஸ் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அவசரம் என்பதற்காக 'எமர்ஜென்சி' போடாதீர்கள். சேவை விழுந்தால்தான் அது; இல்லாவிட்டால் பிற்பாடு நடக்கும் ஆய்வில் உங்கள் மேனேஜர் விளக்கம் சொல்ல நேரும். மாற்றம் சரிவராவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பும் வழியைச் சொல்லும் ரோல்பேக் பகுதியில், எந்த விதியை நீக்குவது, எத்தனை நிமிடத்தில், நீக்கியபின் யார் சோதிப்பார் என்று எழுதினால் கேப்பில் பாதிக் கேள்விகள் எழாது.

மாற்றம் நடக்கும் நேரத்தில் நீங்களும் அழைப்பில் இருங்கள். போர்ட் இன்னும் திறக்கவில்லையென்றால், சோர்ஸ் ஐபியையும் சோதித்த நேரத்தையும் சொல்லி ஃபயர்வால் லாகைப் பார்க்கச் சொல்லுங்கள். லாகில் உங்கள் பாக்கெட்டே இல்லையா? ரவுட்டிங் தவறாக இருக்கலாம், அல்லது வழியில் நேட் (முகவரி மாற்றும் அமைப்பு) உங்கள் ஐபியை மாற்றியிருக்கலாம். ஒருநாள் கழித்துத் திடீரென இணைப்பு அறுந்தால் ஐடில் டைம்அவுட்டைச் சந்தேகியுங்கள்: சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் லினக்ஸ் கீப்அலைவ் இயல்பாக 7200 விநாடி கழித்தே தொடங்கும், பல ஃபயர்வால்கள் அதற்கு முன்பே அந்த இணைப்பை மறந்துவிடும். கீப்அலைவ் நேரத்தைக் குறைத்தாலே போதும், புது டிக்கெட் வேண்டாம்.

அந்த சர்வரை ஓய்வு கொடுத்து அனுப்பும் நாளில் விதியை நீக்கவும் டிக்கெட் போடுங்கள். அதே ஐபி வேறொரு இயந்திரத்துக்குப் போகும்போது, டேட்டாபேஸுக்கான வழியும் சேர்ந்தே போய்விடும்.