மத்தியதரைக்கடல் குரூஸுக்கு விமானமும் பிரீமியம் எகானமி இருக்கையும் தேர்ந்தெடுப்பது எப்படி?

சொகுசுக் கப்பல் பயணத்துக்கான விமான டிக்கெட்டை, மற்றச் சுற்றுலாக்களுக்குத் தேடுவதைப் போல விலையில் தொடங்கித் தேடக்கூடாது. கப்பல் எந்தத் துறைமுகத்திலிருந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறது, எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணிக்கு இறக்கிவிடுகிறது என்பவற்றை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பொருந்தும் விமானங்களை மட்டுமே ஒப்பிட வேண்டும். விமானம் தாமதமானால் விடுதி அறை காத்திருக்கும், கப்பல் காத்திருக்காது. பெரும்பாலான நிறுவனங்கள் கப்பல் கிளம்புவதற்கு ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் முன்பே பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிடுகின்றன. சென்னையிலிருந்து சென்று பார்சிலோனாவில் கப்பலேறி, ஒரு வாரம் கழித்து ரோமில் இறங்கும் பயணத்தை இங்கே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்.

விளம்பரத்தில் உள்ள ஊர்ப்பெயரை நம்பி டிக்கெட் எடுக்க வேண்டாம். ‘ரோம்’ என்று குறிப்பிடப்படும் துறைமுகம் உண்மையில் சிவிதாவெக்கியா. ரோமின் ஃபியூமிசினோ விமான நிலையத்திலிருந்து அது ஏறத்தாழ 70 கிலோமீட்டர். ‘பாரிஸ்’ என்றால் லே ஹாவ்ர், ‘பெர்லின்’ என்றால் வார்னமுண்டே, ‘லண்டன்’ என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன். 2021 ஆகஸ்ட் முதல் பெரிய கப்பல்கள் வெனிஸ் நகரின் ஜுதெக்கா கால்வாயில் நுழையத் தடை இருப்பதால், வெனிஸ் பயணங்கள் சில ரவென்னாவிலிருந்தோ திரியெஸ்தேவிலிருந்தோ புறப்படுகின்றன. இந்த வகையில் பார்சிலோனா மிக வசதியானது: எல் பிராட் விமான நிலையத்திலிருந்து டாக்சியில் அரை மணி நேரத்துக்குள் கப்பல் முனையத்தை அடைந்துவிடலாம்.

அவ்வளவு அருகில் இருந்தாலும், கப்பலேறும் நாளன்று போய் இறங்கும்படி டிக்கெட் எடுக்கக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஒரு நாள் முன்னதாகச் சென்று விடுதியில் தங்குவதற்கு ஆகும் செலவு, கப்பலைத் தவறவிட்டு அடுத்த துறைமுகத்துக்குத் தனியாகப் பறந்து போய்ச் சேர்வதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. பணம் போதவில்லை என்றால், எகானமிக்கும் பிசினஸுக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமி வகுப்பை விட்டுவிடலாம், அந்த முன்னிரவுத் தங்கலை விடக்கூடாது.

போகும் ஊரும் திரும்பும் ஊரும் வேறாக இருப்பதால், விமான நிறுவனத்தின் தளத்தில் ‘மல்ட்டி சிட்டி’ என்ற பிரிவில் சென்னை–பார்சிலோனா, ரோம்–சென்னை என்று சேர்த்துத் தேட வேண்டும். இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளை விட இது பெரும்பாலும் மலிவாக வரும். அதைவிட முக்கியமானது, இணைப்பு விமானங்கள் அனைத்தும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது. அப்படி இருந்தால், முதல் விமானத்தின் தாமதத்தால் இரண்டாவது விமானம் தவறும்போது மாற்று விமானத்தில் அனுப்பிவைக்கும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். பெட்டிகளும் சென்னையிலேயே பார்சிலோனா வரை பதிவாகிவிடும். ஃபிராங்க்ஃபர்ட் வரை ஒரு டிக்கெட்டும், அங்கிருந்து மலிவு விலை விமானத்தில் தனி டிக்கெட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சென்றடைந்தால், 3,500 கிலோமீட்டருக்கு அதிகமான பயணங்களில் 600 யூரோ வரை இழப்பீடு கேட்க முடியும் என்றாலும், சென்னையிலிருந்து போகும்போது அது ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களின் விமானங்களுக்கு மட்டுமே பொருந்தும். தவறவிட்ட கப்பலின் கட்டணத்தை எந்த விமான நிறுவனமும் தராது. அதற்குப் பயணக் காப்பீட்டில் அந்த இழப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் விமானத்தை முடிவு செய்வதற்கு முன் விசாவையும் யோசிக்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் பயணத்துக்கு எப்படியும் எடுக்க வேண்டிய, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவே போதுமானது. லண்டன் ஹீத்ரோ வழியாகப் போனால், குறுகிய கால ஷெங்கன் விசா கையில் இருந்தாலும், அங்கே விமானம் மாறுவதற்கான பிரிட்டனின் டிரான்சிட் விசா தனியாகத் தேவைப்படும். இது பலரும் கவனிக்காத செலவு. கப்பல் இடையில் துருக்கியின் குசாதாசி போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள துறைமுகத்துக்குப் போய்த் திரும்புவதாக இருந்தால், பலமுறை நுழைய அனுமதிக்கும் விசாவாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இனி இருக்கைக்கு வருவோம். பிரீமியம் எகானமி என்பது 1990களின் தொடக்கத்தில் ஈவா ஏர், வெர்ஜின் அட்லாண்டிக் ஆகிய நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய தனி வகுப்பு. எகானமியில் ஓர் இருக்கைக்கும் அதன் முன்னிருக்கைக்கும் உள்ள தூரம் 31 அல்லது 32 அங்குலம். பிரீமியம் எகானமியில் அது வழக்கமாக 38 அங்குலம். இருக்கையும் ஓரிரு அங்குலம் அகலமானது, கூடுதலாகச் சாயக்கூடியது, பல விமானங்களில் காலைத் தாங்கும் பலகையும் இருக்கும். படுத்து உறங்கும் கட்டிலாக மட்டும் அது மாறாது. அந்த எதிர்பார்ப்போடு வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். முன்வரிசைகளில் கால் நீட்டும் இடத்தை மட்டும் கூட்டிவிட்டு, அகலத்தை மாற்றாமல் ஏறக்குறைய இதே போன்ற பெயரில் விற்கும் எகானமி இருக்கைகளும் உண்டு. வரிசையில் எத்தனை இருக்கைகள் என்று எண்ணிப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்: போயிங் 787இன் எகானமியில் ஒன்பது, உண்மையான பிரீமியம் எகானமியில் ஏழு.

லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ், ஏர் ஃபிரான்ஸ் ஆகியவற்றின் நெடுந்தூர விமானங்களில் இந்த வகுப்பு உண்டு. ஏர் இந்தியாவின் ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 2-4-2 என்ற அமைப்பில், அதாவது இரு ஜன்னலோரங்களிலும் இரண்டிரண்டும் நடுவில் நான்குமாக, 24 இருக்கைகள் உள்ளன. எமிரேட்ஸ் 40 அங்குல இடைவெளி தருகிறது, ஆனால் அதன் எல்லா விமானங்களிலும் இந்த வகுப்பு இல்லை. கத்தார் ஏர்வேஸ், எதிஹாத், டர்கிஷ், ஸ்ரீலங்கன் ஆகியவற்றில் எகானமிக்கு அடுத்தது பிசினஸ்தான். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் நெடுந்தூர ஏ350இல் உண்டு, 787-10இல் இல்லை. ஆகவே நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு கட்டத்துக்கும் எந்த விமானம் என்று பார்க்க வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட்–பார்சிலோனா போன்ற ஐரோப்பாவுக்குள் பறக்கும் விமானங்களில் இந்த வகுப்பே கிடையாது. முழுப் பயணத்துக்கும் பிரீமியம் எகானமி வாங்கினாலும் அந்த இரண்டு மணி நேரம் எகானமியில்தான் அமர வேண்டும்.

சென்னையிலிருந்து துபாய் நான்கு மணி நேரம், அங்கிருந்து பார்சிலோனா ஏழு மணி நேரம் என்று வளைகுடா வழிப் பயணம் இரண்டாக உடைகிறது. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கோ லண்டனுக்கோ நேரடியாகப் போனால் பத்து, பதினொரு மணி நேரம் ஒரே இருக்கையில் கழியும். உறங்கத் தொடங்கும்போதே எழுப்பிவிடும் நான்கு மணி நேரப் பயணத்துக்காகக் கூடுதல் பணம் தருவதை விட, இரவில் தொடங்கும் அந்த ஒரே நீண்ட பயணத்துக்குத் தருவதே பொருளுள்ளது. கால் வீக்கம், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் உடன் வந்தால் இதில் தயங்க வேண்டியதில்லை. மாறாக, இடையில் எழுந்து நடமாடி ஓய்வெடுத்துப் போவதை விரும்புபவர்களுக்கு வளைகுடா வழியில் எகானமியே போதும்.

இணையராகச் செல்பவர்கள் 2-4-2 அல்லது 2-3-2 அமைப்பில் ஜன்னலோர இரட்டை இருக்கைகளை முதலில் பிடிக்க வேண்டும். தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையில் முன்னால் யாரும் சாய மாட்டார்கள் என்பது நன்மை. ஆனால் கைப்பையை மேலே வைத்தாக வேண்டும், குழந்தைத் தொட்டில் மாட்டும் இடமும் பெரும்பாலும் அதுவே. அடிக்கடி எழுந்து போக வேண்டியவர்கள் நடைவழி இருக்கையை விட்டுக்கொடுக்கக்கூடாது. சில நிறுவனங்கள் இந்த வகுப்பிலும் இருக்கைத் தேர்வுக்குத் தனிக் கட்டணம் கேட்கின்றன என்பதை விலை ஒப்பிடும்போது சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கப்பலில் விருந்து இரவுகளுக்குப் பட்டுச்சேலை, கோட்டு என்று பெட்டி எளிதில் கனத்துவிடும். லுஃப்தான்சாவும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் பிரீமியம் எகானமியில் தலா 23 கிலோ எடையுள்ள இரண்டு பெட்டிகளை அனுமதிக்கின்றன. ஆகவே மலிவான எகானமி விலையோடு அல்ல, பெட்டிக்கும் இருக்கைத் தேர்வுக்கும் பணம் சேர்த்த எகானமி விலையோடு ஒப்பிட்டு, மிஞ்சும் வேறுபாட்டை நீண்ட பயணத்தின் மணி நேரத்தால் வகுத்துப் பார்த்தால், ஒரு மணி நேர வசதிக்கு எவ்வளவு தருகிறோம் என்று தெரியும். சைவ உணவு வேண்டுபவர்கள் ‘ஏஷியன் வெஜிடேரியன்’ என்று பதிவு செய்ய வேண்டும். ‘ஹிந்து மீல்’ என்பதில் பொதுவாகக் கோழியோ ஆட்டிறைச்சியோ வரும்.

திரும்பும்போது கணக்கு மாறுகிறது. சிவிதாவெக்கியாவில் காலை ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள் இறக்கிவிடுவார்கள். சுங்கமும் போக்குவரத்தும் கழித்து, ஃபியூமிசினோவிலிருந்து பிற்பகல் ஒரு மணிக்கு முன் புறப்படும் விமானத்தை எடுக்கக்கூடாது. ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து காலையில் கிளம்பும் சென்னை விமானத்தை அன்று பிடிக்க இயலாது என்பதால், ரோமில் ஓர் இரவு தங்குவதா, மாலையில் புறப்படும் வளைகுடா விமானத்தில் வருவதா என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். பகலில் பறக்கும் விமானமாக இருந்தால் திரும்பும் வழிக்கு எகானமி போதும். ஒரே டிக்கெட்டிலேயே போக ஒரு வகுப்பும் வர ஒரு வகுப்பும் எடுக்க முடியும். பயணத்துக்கு மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்வதால், இடையில் விமானம் மாற்றப்பட்டு, தேர்ந்தெடுத்த இருக்கை வேறிடத்துக்குப் போய்விடுவது உண்டு. மாதம் ஒருமுறையும், புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பும் பி.என்.ஆர். எண்ணைப் போட்டு இருக்கையையும் இணைப்பு நேரத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.